சால்டரிங் அயர்ன் வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கப் பழகிய எல்லோருக்கும் ஒரு நாள் சால்டரிங் அயர்ன் தேவைப்படும். மவுஸ் ஒயர் அறுந்து போகும். ஸ்பீக்கர் பின் ஆடும். லேப்டாப் சார்ஜரின் ஒயரை ஒரு பக்கமாகப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். "இதற்குப் போய் சர்வீஸ் சென்டரா? நாமே பற்ற வைத்துவிடலாமே" என்று தோன்றும். இணையக் கடைகளிலும், சென்னை ரிச்சி தெருவிலும் அயர்ன், ஐந்து முனைகள், ஸ்டாண்டு, லெட் சுருள், பேஸ்ட் டப்பா, சக்கர் எல்லாம் சேர்ந்த கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிவிடுகிறோம்.

எப்படிப் பற்ற வைப்பது என்று சொல்லித்தர எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. அந்தக் கிட்டில் இருக்கும் பொருட்கள் எதனால் ஆனவை, அவற்றில் எது உடம்புக்குக் கெடுதல், எதற்கு வீணாகப் பயப்படுகிறோம் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. நானும் சொல்லாமல் விட்டவன்தான். அதனால்தான் இந்தப் பாடம்.

மாமா வீட்டுத் தறி

நான் ஆரணியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். ஆரணிப் பட்டு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புவிசார் குறியீடு பெற்ற பட்டு. எங்கள் ஊரில் நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் தொழில். ஒரே கூடத்தில் ஒரு பக்கம் தறி, ஒரு பக்கம் அடுப்படி, நடுவில் குழந்தைக்கு ஏணை என்றுதான் பல வீடுகள் இருக்கும்.

முன்பெல்லாம் தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் மாலை போலத் தொங்கும். சேலையின் டிசைன் அந்தத் துளைகளில்தான் இருக்கும். கம்ப்யூட்டரின் பஞ்ச் கார்டுக்கு முன்னோடி இந்த ஜக்கார்டு அட்டைதான் என்று ஹார்டுவேர் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். இப்போது பல தறிகளில் அட்டைக்குப் பதில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. டிசைனைப் பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினால் போதும். ஆனால் தறி ஒவ்வொரு மிதிக்கும் அதிரும். அதிர அதிர உள்ளே இருக்கும் ஒயர் இணைப்புகள் விட்டுப்போகும். பூவில் ஓர் இதழ் விழாமல் போனால் சேலைக்குக் கூலி குறையும்.

என் தாய்மாமா தறியில் இப்படி அடிக்கடி நடந்தது. "ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிட முடியுமா மாப்ளே? எனக்கே சொல்லிக்கொடு" என்றார். நானும் அவருக்கு ஒரு கிட் வாங்கிக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். நெசவாளியின் கை அல்லவா? மாலைக்குள் என்னைவிட அழகாகப் பற்ற வைத்தார்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் போனபோது மாமா தறிமேடையில் உட்கார்ந்து ஒரு இணைப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் அயர்ன், ஒரு கையில் ஒயர். லெட் கம்பியைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் வேட்டியில் கையைத் துடைத்தார். நாடாவில் புதுத் தார் போட்டு, ஊடை இழையின் நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கி, துளையில் கோத்தார். கீழே உதிர்ந்த லெட் மணிகளுக்கு நடுவே அவருடைய இரண்டு வயதுப் பேத்தி தவழ்ந்து போய், ஒரு மணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அயர்ன் எவ்வளவு சூடாக வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். கையைக் கழுவ வேண்டும் என்று கற்றுக்கொடுக்கவில்லை.

"ஈயம்தானே மாப்ளே?"

குழந்தையின் கையிலிருந்து அந்த மணியைப் பிடுங்கியபோது மாமா சிரித்தார். "ஈயம்தானே மாப்ளே? உங்க அத்தை ஈயச் சொம்புலதான் ரசம் வைக்கிறா. ஒண்ணும் ஆகலையே" என்றார்.

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். எனவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்குச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம். பளபளப்பானது, 232 டிகிரி செல்சியஸில் உருகும். ரசச் சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்திற்கு நவச்சாரம் போட்டுப் பூசுவதும் இதில்தான். அதனால்தான் ஈயச் சொம்பில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள், உருகி ஓடிவிடும். மற்றொன்று காரீயம். கனமானது, மங்கலானது, 327 டிகிரியில் உருகும். பேட்டரித் தகட்டில் இருப்பது இதுதான். இது நஞ்சு.

சால்டர் கம்பியில் இரண்டும் கலந்திருக்கின்றன. சுருளின் மேல் 60/40 என்று போட்டிருந்தால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் என்று பொருள். 63/37 என்ற கலவை சரியாக 183 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியாக எந்த உலோகமும் இவ்வளவு குறைந்த சூட்டில் உருகாது. இந்த வசதிக்காகத்தான் காரீயத்தைச் சேர்த்தார்கள்.

கடையில் "லெட் ஒரு சுருள் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த லெட் என்ற சொல் காரீயத்தின் ஆங்கிலப் பெயர்தான். பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கி, பல்லில் கவ்விக்கொள்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் சுருளில் கிட்டத்தட்ட 40 கிராம் காரீயம் இருக்கிறது. தரையில் உதிரும் ஒரு மில்லிமீட்டர் மணியின் எடை சுமார் நாலரை மில்லிகிராம். அதில் காரீயம் ஏறத்தாழ 1,800 மைக்ரோகிராம். உணவின் வழியாக ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் சேரக்கூடிய காரீயத்திற்கு அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2022-ல் வைத்த அளவுகோல் 2.2 மைக்ரோகிராம். விழுங்கிய மணி முழுவதும் வயிற்றில் கரைந்துவிடாது என்பது உண்மைதான். பெரும்பகுதி வெளியே போய்விடும். ஆனால் விரலிலும் தரையிலும் ஒட்டியிருக்கும் நுண்ணிய தூள் எளிதாகக் கரையும். விழுங்கும் காரீயத்தைப் பெரியவர்களைப் போல நான்கு ஐந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். "இந்த அளவு வரை பயமில்லை" என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்திற்குக் கிடையாது என்பதும் அதே நிறுவனம் சொல்வதுதான்.

உடம்புக்குள் போன காரீயம் இரத்தத்தில் சில வாரங்களில் குறையும். ஆனால் ஒரு பகுதி எலும்பில் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கிவிடும்.

இது வெளிநாட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1990-களின் இறுதியில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தியது. 12 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருந்தது. அப்போது பெட்ரோலிலும் காரீயம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் காரீயம் இல்லாத பெட்ரோல் வந்தது. ஆனாலும் 2020-ல் யுனிசெஃப், ப்யூர் எர்த் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, 5 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ள இந்தியக் குழந்தைகள் சுமார் 27 கோடி என்று மதிப்பிட்டது. பழைய பெயின்ட், பேட்டரி உருக்கும் பட்டறைகள், கலப்பட மஞ்சள், சில பாத்திரங்கள் என்று காரணங்கள் பல. நம் மேஜையில் இருக்கும் சுருள் சிறிய காரணம்தான். ஆனால் நாமே கொண்டுவந்தது, நாமே நிறுத்தக்கூடியது.

புகையில் இருப்பது என்ன?

பற்ற வைக்கும்போது வெள்ளையாகப் புகை வருகிறதே, அதுதான் காரீயப் புகை என்று பலர் நினைக்கிறார்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, அதே கையால் டீ குடிப்பார்கள். இது தலைகீழ்.

அயர்ன் முனையின் சூடு சாதாரணமாக 350 டிகிரி அளவில் இருக்கும். இந்தச் சூட்டில் காரீயம் உருகும். ஆவியாகும் அளவு மிக மிகக் குறைவு. 1,700 டிகிரிக்கு மேல்தான் அது கொதிக்கும். காரீயம் உடம்புக்குள் போகும் முக்கிய வழி கையும் வாயும்.

அப்படியானால் புகை நல்லதா? இல்லை. அது கம்பியின் நடுவில் இருக்கும் ப்ளக்ஸ் எரிவதால் வருவது. ரோசின் என்னும் பைன் மரப்பிசின்தான் பெரும்பாலான ப்ளக்ஸ். உலோகத்தின் மேல் உள்ள துருப் படலத்தை நீக்கிச் சால்டர் ஒட்ட உதவும். அதன் புகையைத் தினமும் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். பிரிட்டனில் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக ரோசின் புகையைச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

சில இடங்களில் தகரம் பற்ற வைக்கும் திராவகத்தையே மதர்போர்டுக்கும் போடுகிறார்கள். அது துத்தநாகக் குளோரைடு. போர்டை அரித்துவிடும், புகையும் காரமானது. முனையைச் சுத்தம் செய்ய நவச்சாரக் கட்டியில் தேய்ப்பதும் இப்படித்தான். அந்த வெண்புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு இரண்டுமே வேண்டாம். ஈரமான ஸ்பாஞ்சோ பித்தளைச் சுருளோ போதும்.

அயர்னுக்குள்ளே என்ன இருக்கிறது?

மலிவு விலை அயர்னைக் கழற்றினால் நடுவில் நிக்ரோம் கம்பி சுற்றிய எலிமென்ட் இருக்கும். கம்பியைச் சுற்றிப் பளபளப்பான தகடு இருந்தால் அது மைக்கா. அப்ரகம், காக்காய்ப்பொன் என்று நம்மவர்கள் சொல்வது. தகடாக இருக்கும்வரை மைக்காவால் பயமில்லை. பழசாகி நொறுங்கும்போது ஊதி விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எலிமென்டிலிருந்து கைப்பிடிக்குள் வரும் ஒயரின் மேல் வெள்ளை நூல் உறை இருக்கும். இப்போது வருபவற்றில் இது பெரும்பாலும் கண்ணாடி இழை. தோலில் பட்டால் அரிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்து அயர்ன்களிலும், அயர்னை வைக்கும் பழைய அட்டைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பட்டிருக்கிறது. அதன் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. தாத்தா காலத்து அயர்ன் கிடைத்தால் பிரிக்காதீர்கள், உறையைப் பிய்க்காதீர்கள். ஒரு பாலிதீன் பையில் கட்டி ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

அடுத்தது முனை. மலிவான அயர்னில் வெறும் செம்பு முனை இருக்கும். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சால்டரில் கரையும்; குழி விழும். உடனே அரத்தை எடுத்து ராவுவோம். ராவும்போது விழும் தூளில் செம்பு மட்டுமா இருக்கிறது? முனையில் ஒட்டிய சால்டரும் சேர்ந்து தூளாகிறது. கெட்டிக் கம்பியைவிட இந்தத் தூள்தான் மோசமானது. எனவே இரும்பு முலாம் பூசிய முனையாக வாங்குங்கள். விலை சற்று அதிகம். பல மடங்கு உழைக்கும். அந்த முனையை ராவவே கூடாது. ராவினால் முலாம் போய்விடும்.

கைப்பிடி சூட்டில் இளகினாலோ, பத்து நிமிடத்தில் பிடிக்க முடியாமல் போனாலோ அந்த அயர்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பவர் கார்டு பெரும்பாலும் பி.வி.சி.தான், சூடான முனை பட்டவுடன் உருகும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி வெளியே தெரிந்தால் 230 வோல்ட் உங்கள் விரலருகில் இருக்கிறது. சிலிக்கோன் உறை போட்ட கார்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பது எப்படி?

புது அயர்னை பிளக்கில் செருகும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். அயர்ன் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக் சுவரில் இருக்கக் கூடாது.

1. முதலில் பிளக்கைப் பாருங்கள். இரண்டு பின் மட்டும் இருந்தால் எர்த் இல்லை. கசிவு வந்தால் அது முனை வழியாக உங்களுக்கோ, பற்ற வைக்கும் சிப்புக்கோதான் போகும். மூன்று பின் உள்ளதை வாங்குங்கள்.

2. மூன்று பின் இருந்தாலும் நம்ப வேண்டாம். பெரிய பின் சும்மா அலங்காரத்திற்கு இருக்கலாம். மீட்டரை ஓம்ஸ் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையைப் பெரிய பின்னிலும் மற்றொன்றை அயர்ன் முனையிலும் வையுங்கள். சில ஓம்ஸ்தான் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் எர்த் இணைப்பு இல்லை.

3. அடுத்து இரண்டு சிறிய பின்களுக்கு இடையே பாருங்கள். நிக்ரோம் கம்பி சுற்றிய 25 வாட் அயர்ன் என்றால் சுமார் 2,100 ஓம்ஸ் காட்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் இந்த விடை வரும். 60 வாட் என்றால் சுமார் 880 ஓம்ஸ். 60 வாட் என்று போட்டுவிட்டு 2,000 காட்டினால் அது ஏமாற்று. செராமிக் எலிமென்ட் அயர்ன்களில் குளிர்ந்த நிலையில் ஓம்ஸ் குறைவாகக் காட்டும். அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

4. கடைசியாக, சிறிய பின் ஒவ்வொன்றுக்கும் அயர்ன் முனைக்கும் இடையே பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த அயர்னை மின்சாரத்தில் செருகவே வேண்டாம்.

வீட்டுச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீசியனை விட்டுப் பாருங்கள். சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் மூன்று பின் இருந்தும் பயனில்லை.

காரீயம் இல்லாத கம்பி வாங்கலாமா?

வாங்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். ஐரோப்பிய யூனியன் 2006 ஜூலை 1 முதல் எலக்ட்ரானிக் பொருட்களில் காரீயத்தை 0.1 சதவீதத்திற்குள் கட்டுப்படுத்தியது. இந்தியாவிலும் 2012 மே மாதம் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் இதே அளவை வைத்தன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளிலும் இது தொடர்கிறது. ஆகவே இன்று நீங்கள் வாங்கும் மதர்போர்டில் பெரும்பாலும் காரீயம் இல்லாத சால்டர்தான் இருக்கும். நாம்தான் 60/40 கம்பியை வைத்து அதில் காரீயத்தைச் சேர்க்கிறோம்.

வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 என்ற கலவை எளிதாகக் கிடைக்கும். இது 227 டிகிரியில் உருகும். வெள்ளியும் சேர்ந்த வகை 217 முதல் 220 டிகிரியில் உருகும், விலை அதிகம். பழைய கம்பியைப் போல இவை வழுக்கி ஓடாது. இணைப்பும் மங்கலாகத் தெரியும். "சரியாக ஒட்டவில்லை" என்று நினைத்து மறுபடி மறுபடி சூடு காட்டாதீர்கள். சூடு அதிகம் தேவை என்பதால் ப்ளக்ஸ் புகையும் அதிகமாக வரும். காரீயம் இல்லை என்பதற்காகப் புகையை முகர வேண்டாம்.

"லெட் ஃப்ரீ" என்று லேபிள் ஒட்டிய எல்லாமே உண்மையல்ல. டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள அயர்ன் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். நிச்சயமாகத் தெரிந்த 63/37 கம்பியையும், சந்தேகப்படும் கம்பியையும் முனையில் தொட்டுக்கொண்டே 170 டிகிரியிலிருந்து மெல்லச் சூட்டை ஏற்றுங்கள். முதல் கம்பி உருகிய பிறகும் மற்றது 30, 40 டிகிரி தாண்டித்தான் உருக வேண்டும். இரண்டும் ஒன்றாக உருகினால் லேபிள் பொய். பிஸ்மத் கலந்த கம்பி மட்டும் இதற்கு விலக்கு. அது காரீயம் இல்லாமலேயே 138 டிகிரியில் உருகும். 60/40 என்று வாங்கிய சுருள் சீக்கிரம் உருகாமல் அடம்பிடித்தால், அதில் விலை அதிகமான வெள்ளீயத்தைக் குறைத்துக் காரீயத்தைக் கூட்டியிருக்கலாம்.

மாமா வீட்டில் மாற்றியவை

1. தறிமேடையில் பற்ற வைப்பது நின்றது. கழற்றக்கூடியதைக் கழற்றி, திண்ணையில் ஒரு பழைய ஸ்டீல் தாம்பாளத்தின் மேல் வைத்துச் செய்கிறார். உதிர்வது அத்தனையும் தாம்பாளத்திலேயே விழும். அந்தத் தாம்பாளம் மறுபடி சமையலறைக்குள் போகாது.

2. பக்கவாட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. புகையை முகத்திலிருந்து தெருப்பக்கம் இழுத்துப் போகும். பழைய கேபினட்டிலிருந்து எடுத்தது, செலவில்லை.

3. கம்பியைப் பல்லில் கவ்வுவதற்குப் பதில், சுருளை ஒரு மரக்கட்டையில் ஆணியடித்து நிறுத்தியிருக்கிறோம். ஒயரைப் பிடிக்கத் துணி கிளிப். இரண்டு கையும் போதும்.

4. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவுகிறார். சானிடைசர் இதற்கு உதவாது. அது கிருமியைக் கொல்லும், காரீயத்தை எடுக்காது. கழுவாமல் நாடாவைத் தொடுவதில்லை. இழையை நாக்கில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. "முப்பது வருஷப் பழக்கம் மாப்ளே" என்கிறார். அதனால் முதலில் கை கழுவுவது என்று முடிவு செய்தோம்.

5. தரையைப் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறார்கள். பெருக்கினால் தூள் பறக்கும். பற்ற வைக்கும்போது கட்டும் வேட்டியைத் தனியாகத் துவைக்கிறார்கள்.

6. உதிர்ந்த சால்டர், பழைய முனை, துடைத்த துணி எல்லாம் மூடி போட்ட டப்பாவில் சேர்கின்றன. குப்பையோடு எரிப்பதில்லை, கமண்டல நாகநதிக் கரையில் கொட்டுவதும் இல்லை. நிறைந்ததும் பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

கேள்விகள் சில

மாதம் ஒரு முறைதான் பற்ற வைக்கிறேன். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

கை கழுவுவதும், தாம்பாளமும் ஒரு முறை என்றாலும் வேண்டும். இவற்றுக்குச் செலவே இல்லை. புகைக்காக மட்டும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

கர்ப்பிணிகள் பற்ற வைக்கலாமா?

காரீயக் கம்பியில் வேண்டாம். தாயின் இரத்தத்தில் உள்ள காரீயம் குழந்தைக்கும் போகும். வீட்டில் வேறொருவர் செய்தாலும் தனி இடத்தில் செய்யட்டும்.

பழைய 60/40 சுருளை என்ன செய்வது?

பெரியவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில், மேலே சொன்ன கவனத்தோடு பயன்படுத்தித் தீர்க்கலாம். பிள்ளைகளின் பொம்மைக்கும், குடிநீர், சமையல் பாத்திரத்திற்கும் எக்காரணம் கொண்டும் கூடாது.

குழந்தைக்குப் பரிசோதனை தேவையா?

வீட்டில் அடிக்கடி பற்ற வைத்து, குழந்தை அங்கேயே விளையாடியிருந்தால் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

கடைசியாக ஒன்று

மாமாவின் பேத்திக்கும் பரிசோதனை செய்தோம். 7 மைக்ரோகிராம். டாக்டர் பயமுறுத்தவில்லை. மருந்தும் கொடுக்கவில்லை. "எங்கிருந்து வருதோ அதை நிறுத்துங்க. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து குறையாம சாப்பாடு கொடுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார். சால்டர்தான் காரணமா என்று கேட்டேன். "அதுவும் இருக்கலாம், சுவர் பெயின்டா இருக்கலாம், பாத்திரமா இருக்கலாம். உங்க கையில இருக்கிறதை முதல்ல நிறுத்துங்க" என்று சொன்னார்.

மூன்று மாதம் கழித்து 4 என்று வந்தது. குறைந்திருக்கிறது, பூஜ்யம் ஆகவில்லை. அத்தை இப்போது மாமாவின் கையைப் பார்த்த பிறகுதான் தட்டு வைக்கிறார்.

இப்போது யாராவது என்னிடம் சால்டரிங் கற்றுக்கொள்ள வந்தால், அயர்னைக் கையில் கொடுப்பதற்கு முன் வாளியும் சோப்பும் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன். நீங்களும் கிட் வாங்கினால் கூடவே ஒரு சோப்பும் வாங்கி, அந்த டப்பாவிலேயே போட்டு வையுங்கள்.